272 இல்லாமலும் ஆளலாம்: மக்களவைத் தேர்தலுக்குப் பின் சிறுபான்மை அரசு அமையும் விதம்

தேர்தல் முடிவு வரும் நாளில் எல்லாத் தொலைக்காட்சித் திரைகளிலும் ஒளிரும் 272 என்ற எண்ணை, அரசமைக்கத் தேவையான அளவாக இந்திய அரசியலமைப்புச் சட்டத்தின் முகப்புரையிலிருந்து கடைசி அட்டவணை வரை தேடினாலும் காண முடியாது. மக்களவையின் 543 இடங்களில் பாதியைத் தாண்டிய முதல் முழு எண் அது என்பதைத் தவிர அதற்குச் சட்டத்தில் தனி மதிப்பு ஏதும் இல்லை. பிரதமரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்று 75ஆவது பிரிவின் முதல் உட்பிரிவு சொல்கிறது. அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பேற்க வேண்டும் என்று அதே பிரிவின் மூன்றாவது உட்பிரிவு சொல்கிறது. அவையின் முன் வரும் கேள்விகள், அவைக்கு வந்து வாக்களிப்போரின் பெரும்பான்மையால் முடிவாகும் என்று 100ஆவது பிரிவு சொல்கிறது. இம்மூன்றையும் சேர்த்து வாசிக்கும் ஒருவருக்கு, ஓர் அரசு நிலைப்பதற்கு 272 பேர் கை தூக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதும், தூக்கப்படும் கைகளில் எதிர்ப்புக் கைகள் அதிகமாகிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்பதும் விளங்கும். சிறுபான்மை அரசு என்ற ஏற்பாடு முழுவதும் இந்த இடைவெளியில்தான் நிற்கிறது.

வழிமுறைக்குள் நுழையுமுன் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். தனிக் கட்சிக்குப் பெரும்பான்மை இல்லாத அரசை எல்லாம் சிறுபான்மை அரசு என்று அழைப்பது தவறு. 2024 தேர்தலில் பாரதிய ஜனதா கட்சி 240 இடங்களே பெற்றது. ஆனால் தெலுங்கு தேசத்தின் 16, ஐக்கிய ஜனதா தளத்தின் 12 உள்ளிட்ட கூட்டணி இடங்களைச் சேர்த்தால் 293 வந்தது. அந்தக் கட்சிகள் அமைச்சரவைக்குள்ளேயே அமர்ந்ததால் அது பெரும்பான்மைக் கூட்டணி அரசு. அமைச்சரவையில் இடம்பெற்ற கட்சிகள் அனைத்தின் உறுப்பினர்களையும் கூட்டினாலும் பாதி எட்டாதபோது, மீதியை வெளியில் நிற்கும் கட்சிகள் தாங்கிப் பிடிக்கும்போது, அல்லது யாரும் தாங்காமல் எதிர்க்கட்சிகளின் பிளவே காப்பாற்றும்போதுதான் அது சிறுபான்மை அரசு. 1989இல் வி.பி. சிங், 1990இல் சந்திரசேகர், 1991இல் நரசிம்ம ராவ், 1996இல் தேவ கவுடா, 1997இல் ஐ.கே. குஜ்ரால், 2004இல் மன்மோகன் சிங் ஆகியோர் தலைமை தாங்கியவை இவ்வகை. இன்னும் பின்னோக்கிச் சென்றால், 1969இல் காங்கிரஸ் பிளந்த பிறகு இந்திரா காந்தி நடத்திய அரசும் இவ்வகையே. அந்த அரசுக்கு அன்று 25 இடங்களுடன் மக்களவையில் இருந்த திமுகவும் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியும் ஆதரவாக நின்றன.

முதல் படி: அவை பிறப்பதும் பழைய அரசு விலகுவதும்

வாக்கு எண்ணிக்கை முடிந்ததும் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 73ஆவது பிரிவின்படி, வெற்றி பெற்றவர்களின் பெயர்களைத் தேர்தல் ஆணையம் அறிவிக்கையாக வெளியிட்ட பின்னரே புதிய மக்களவை முறைப்படி அமைந்ததாகக் கருதப்படும். பதவியிலுள்ள பிரதமர் தோற்றிருந்தால் பதவி விலகல் கடிதத்தைக் குடியரசுத் தலைவரிடம் கொடுக்கிறார். மாற்று ஏற்பாடு ஆகும்வரை தொடருமாறு அவர் கேட்டுக்கொள்ளப்படுகிறார். இதற்கிடையில் ஒவ்வொரு கட்சியும் தன் புதிய உறுப்பினர்களைக் கூட்டி நாடாளுமன்றக் கட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறது.

இந்தத் தலைவர் மக்களவை உறுப்பினராக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. எந்த அவையிலும் உறுப்பினராக இல்லாத ஒருவர் ஆறு மாதங்கள் வரை அமைச்சராக இருக்கலாம் என்று 75ஆவது பிரிவின் ஐந்தாவது உட்பிரிவு அனுமதிக்கிறது. 1991 ஜூன் 21 அன்று பதவியேற்ற நரசிம்ம ராவ் அந்த ஆண்டு நவம்பரில்தான் நந்தியால் இடைத்தேர்தலில் வென்று அவைக்குள் வந்தார். கர்நாடக முதலமைச்சராக இருந்த இடத்திலிருந்து நேரே பிரதமரான தேவ கவுடாவும் பின்னர்தான் மாநிலங்களவைக்குள் நுழைந்தார். எண்ணிக்கை குறைந்த அரசுகளில், எல்லாருக்கும் ஏற்புடைய ஒருவரைத் தேட வேண்டியிருப்பதால், இந்த வாசல் அடிக்கடி பயன்பட்டிருக்கிறது.

இரண்டாம் படி: யார் அழைக்கப்படுகிறார்?

வழிமுறையின் கடினமான பகுதி இது. சட்டம் இங்கே மௌனமாக இருக்கிறது, மரபுகள் பேசுகின்றன, அம்மரபுகளும் ஒவ்வொரு குடியரசுத் தலைவர் காலத்திலும் ஒவ்வொரு குரலில் பேசியிருக்கின்றன.

பட்டுக்கோட்டையை அடுத்த ராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன் குடியரசுத் தலைவராக இருந்தபோது 1989 தேர்தல் நடந்தது. காங்கிரசுக்கு 197, ஜனதா தளத்துக்கு 143, பாரதிய ஜனதாவுக்கு 85. அவர் கையாண்டது எளிய விதி: அதிக இடம் பெற்ற கட்சியின் தலைவரை முதலில் கேட்பது, அவர் மறுத்தால் அடுத்தவரைக் கேட்பது, பதவியேற்றவரைக் குறித்த காலத்துக்குள் அவையில் நம்பிக்கை பெறச் சொல்வது. ராஜீவ் காந்தி ஆட்சியமைக்க முன்வரவில்லை. எனவே வி.பி. சிங் டிசம்பர் 2 அன்று பதவியேற்று, பாரதிய ஜனதாவும் இடதுசாரிகளும் இரு பக்கமும் வெளியிலிருந்து தாங்க, டிசம்பர் 21 அன்று நம்பிக்கை வாக்கைப் பெற்றார். (அந்தத் தேர்தலில் திமுக மக்களவையில் ஓரிடமும் பெறவில்லை, ஆயினும் மாநிலங்களவை உறுப்பினரான முரசொலி மாறன் வி.பி. சிங் அமைச்சரவையில் இருந்தார். ஓர் அரசின் உட்புறத்தையும் அதன் எண்ணிக்கையையும் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று கிடைக்காது.)

வெங்கட்ராமனின் விதியில் ஒரு நன்மை உண்டு. குடியரசுத் தலைவர் கணக்குப்பிள்ளையாக மாறித் தலைகளை எண்ண வேண்டியதில்லை. அதன் குறை 1996இல் வெளிப்பட்டது. பாரதிய ஜனதாவுக்கு 161, காங்கிரசுக்கு 140 என்ற நிலையில், சங்கர் தயாள் சர்மா பெரிய கட்சியின் தலைவர் என்ற முறையில் வாஜ்பாயை அழைத்தார். சிவசேனை, அகாலிதளம், சமதா உள்ளிட்ட தோழமைக் கட்சிகளைச் சேர்த்தும் அந்தத் தரப்பு 200ஐ எட்டவில்லை. வேறு எந்தக் கட்சியும் வரப்போவதில்லை என்பதும் பெரும்பாலும் தெரிந்ததே. மே 16 அன்று பதவியேற்ற அவர், மே 31க்குள் பெரும்பான்மையை மெய்ப்பிக்குமாறு கேட்கப்பட்டு, வாக்கெடுப்புக்கு முன்பே மே 28 அன்று பதவி விலகினார். பெரிய கட்சி என்பது ஆளக்கூடிய கட்சி என்பதற்குச் சமம் ஆகாது.

1998இல் கே.ஆர். நாராயணன் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார். பாரதிய ஜனதாவுக்கு 182 இடங்கள் இருந்தபோதிலும், அழைப்பதற்கு முன்பே தோழமைக் கட்சிகளின் ஆதரவுக் கடிதங்களைத் தம் மேசையில் காண விரும்பினார். 18 உறுப்பினர்களை வைத்திருந்த அதிமுகவின் கடிதம் தாமதமானதால் புதுதில்லி சில நாட்கள் சென்னையை நோக்கிக் காத்திருந்தது. கடிதங்கள் வந்து சேர்ந்த பின்னும் கணக்கு 264இல் நின்றது. அது அவையின் பாதிக்குக் குறைவு. 12 உறுப்பினர்களைக் கொண்ட தெலுங்கு தேசம் நடுநிலை வகிக்கும் என்று அறிவித்ததால், அந்தப் பன்னிருவரையும் கழித்துப் பார்த்தால் 264 பாதியைத் தாண்டுகிறது என்று குடியரசுத் தலைவர் முடிவு செய்தார். விலகி நிற்கும் வாக்கும் அரசை அமைக்கிறது என்பதை ஒரு குடியரசுத் தலைவர் தம் அறிக்கையிலேயே கணக்கிட்டுக் காட்டிய நிகழ்வு அது. வாஜ்பாய் மார்ச் 19 அன்று பதவியேற்றார். என் பார்வையில், பெரிய கட்சியை இயந்திரம்போல் அழைப்பதைவிட இந்த முறையே நேர்மையானது. கடிதம் கொடுக்கும் கட்சி தன் பெயரை எழுத்தில் பதிக்கிறது, பின்னர் மாறினால் மாறியது என்று நாடு அறியும்.

மாநிலங்களில் ஆளுநர் முதலமைச்சரை அழைப்பது குறித்து, 1988இல் அறிக்கை அளித்த சர்க்காரியா ஆணையம் ஒரு வரிசையைப் பரிந்துரைத்தது: தேர்தலுக்கு முன்பே அமைந்த கூட்டணி முதலாவது, பிறரின் ஆதரவோடு உரிமை கோரும் மிகப் பெரிய தனிக் கட்சி இரண்டாவது, அனைவரும் அரசில் பங்கேற்கும் தேர்தலுக்குப் பிந்தைய கூட்டணி மூன்றாவது, சிலர் உள்ளேயும் சிலர் வெளியேயும் நிற்கும் தேர்தலுக்குப் பிந்தைய கூட்டணி நான்காவது. குடியரசுத் தலைவரை இது கட்டுப்படுத்தாது. ஆனாலும் தொங்கு நாடாளுமன்றம் வரும்போதெல்லாம் இவ்வரிசை மேற்கோள் காட்டப்படுகிறது. சிறுபான்மை அரசு பெரும்பாலும் அந்த வரிசையின் கடைசிப் படியிலேயே பிறக்கிறது என்பதையும் கவனிக்கலாம்.

மூன்றாம் படி: ஆதரவை வாங்குவது, அதன் விலையை எழுதுவது

அழைப்பு வருவதற்கு முன்போ, வந்த பின்போ, பேச்சுவார்த்தை நடக்கிறது. ஆதரவுக்கு மூன்று தரங்கள் உண்டு. அமைச்சரவையில் சேர்வது ஒன்று. வெளியே இருந்துகொண்டு நம்பிக்கை வாக்கெடுப்பிலும் நிதி மசோதாக்களிலும் ஆதரவாக வாக்களிப்பது இரண்டு. இதையே நம் நாளிதழ்கள் வெளியிலிருந்து ஆதரவு என்று எழுதுகின்றன. எந்த உறுதியும் தராமல், வாக்கெடுப்பின்போது வெளிநடப்பு செய்தோ விலகி நின்றோ உதவுவது மூன்று. கடைசித் தரத்துக்குக் கடிதம் கிடையாது. அதை நம்பி அரசமைப்பவர் ஒவ்வொரு வாக்கெடுப்புக்கு முன்னும் புதிதாகப் பேச வேண்டியிருக்கும்.

இரண்டாம் தரத்தை எழுத்தில் கட்டுவதற்கு ஏற்பட்டதே குறைந்தபட்சச் செயல்திட்டம். 1996இல் 13 கட்சிகள் சேர்ந்த ஐக்கிய முன்னணி ஒரு திட்டத்தை வகுத்துக்கொண்டது. தமிழ் மாநில காங்கிரசின் 20 உறுப்பினர்களும் திமுகவின் 17 உறுப்பினர்களும் அந்த முன்னணியின் முக்கியத் தூண்களாக இருந்தார்கள், ப. சிதம்பரம் நிதி அமைச்சராகவும் முரசொலி மாறன் தொழில் அமைச்சராகவும் இருந்தார்கள். 140 உறுப்பினர்களை வைத்திருந்த காங்கிரஸ் வெளியே நின்றது. 2004இல் இந்த முறை இன்னும் செப்பமாக அமைந்தது. காங்கிரசுக்கு 145 இடங்கள் மட்டுமே. இடதுசாரிகள் சுமார் 60 உறுப்பினர்களுடன் வெளியே நின்றார்கள்; ஆனால் தேசியக் குறைந்தபட்சப் பொதுச் செயல்திட்டம் ஒன்றை வெளியிடவும், அதன் நிறைவேற்றத்தை ஆராய ஒருங்கிணைப்புக் குழு ஒன்றை அமைக்கவும் வழி செய்தார்கள். அமைச்சர் பதவி வேண்டாம் என்ற கட்சிக்குச் சபாநாயகர் பதவி கிடைத்தது. சோம்நாத் சாட்டர்ஜி அந்த இருக்கையில் அமர்ந்தார்.

செயல்திட்டத்தின் சொற்கள் மங்கலாக இருந்தால் அரசு முடங்கும். மிகக் கறாராக இருந்தாலும் முடங்கும். 2005இல் பெல் நிறுவனத்தின் பத்து விழுக்காட்டுப் பங்கை விற்கும் முடிவை இடதுசாரிகள் எதிர்த்து ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களைப் புறக்கணித்ததால் அது கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் பங்கு விற்பனையை எதிர்த்துத் திமுக அரசிலிருந்து விலக நேரிடும் என்று எச்சரித்தபோது, பங்கு விற்பனை முடிவுகள் அனைத்தையும் மன்மோகன் சிங் நிறுத்தி வைத்தார். முதல் எதிர்ப்பு வெளியிலிருந்து வந்தது. இரண்டாவது அமைச்சரவைக்குள்ளிருந்தே வந்தது. எண்ணிக்கை மெலிந்த அரசில் உள்ளே இருப்பவரின் குரலும் வெளியே இருப்பவரின் குரலும் ஒரே கனத்தோடு ஒலிக்கும்.

அமைச்சர் பதவிகளைப் பங்கிட்டுக் கொடுத்து ஆதரவு சேர்ப்பதற்கு இன்று ஒரு வரம்பு இருக்கிறது. 2003இல் நிறைவேறிய 91ஆவது திருத்தத்தின்படி, பிரதமர் உட்பட அமைச்சர்களின் எண்ணிக்கை மக்களவை உறுப்பினர் எண்ணிக்கையில் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 543க்கு 81 என்று அது வருகிறது. சிறு கட்சிகள் பல சேர்ந்தால் இந்த 81 விரைவில் தீர்ந்துவிடும்.

நான்காம் படி: பதவியேற்பு, அதற்கும் அவைக்கும் இடைப்பட்ட நாட்கள்

பதவிப் பிரமாணம் எடுத்த கணமே அரசு முழு அதிகாரம் பெறுகிறது. நம்பிக்கை வாக்கு பெறும்வரை பாதி அதிகாரம் என்று சட்டத்தில் ஒன்றும் இல்லை. பெரிய முடிவுகளைத் தள்ளிவைப்பது நாகரிகம் என்ற அளவிலேயே நிற்கிறது.

இந்த இடைவெளியிலேயே ஆதரவு கலைந்துவிடவும் கூடும். 1979 ஜூலை 28 அன்று, இந்திரா காந்தியின் கட்சி ஆதரவளிக்கும் என்ற நம்பிக்கையில் சரண் சிங் பிரதமரானார். ஆகஸ்டில் அவை கூடுவதற்குள் ஆதரவு விலக்கப்பட்டது. அவர் ஆகஸ்ட் 20 அன்று விலகினார். நாடாளுமன்றத்தை ஒரு நாளும் சந்திக்காத பிரதமர் என்ற பெயர் அவருக்கே உரியது.

ஐந்தாம் படி: சபாநாயகர்

புதிய அவையின் முதல் கூட்டத்துக்குத் தற்காலிக சபாநாயகர் ஒருவரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். வழக்கமாக அவர் மூத்த உறுப்பினர். உறுப்பினர்கள் அவர்முன் உறுதிமொழி எடுத்த பிறகு சபாநாயகர் தேர்தல் நடக்கிறது. சிறுபான்மை அரசுக்கு இதுவே உண்மையான முதல் வாக்கெடுப்பு. அதில் தோற்றால் நம்பிக்கை வாக்கெடுப்பின் முடிவும் அன்றே தெரிந்துவிடும். ஆகவே அரசுகள் மோதலைத் தவிர்க்கின்றன. 13 நாள் வாஜ்பாய் அரசின் காலத்திலேயே, 1996 மே 23 அன்று, காங்கிரசைச் சேர்ந்த பி.ஏ. சங்மா போட்டியின்றிச் சபாநாயகரானார். ஆளும் தரப்பு தனக்கென ஒருவரை நிறுத்திப் பார்க்கக்கூட வலிமையற்றிருந்தது. 1998இல் அதே வாஜ்பாய் வேறு கணக்குப் போட்டார்: நடுநிலை வகிப்போம் என்ற தெலுங்கு தேசத்தின் ஜி.எம்.சி. பாலயோகி மார்ச் 24 அன்று சபாநாயகரானார். நான்கு நாட்களுக்குப் பின் நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசு 274க்கு 261 என்று வென்றது. நடுநிலை ஆதரவாக மாறியதற்கு அந்த இருக்கையும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

சபாநாயகர் முதல் சுற்றில் வாக்களிப்பதில்லை. வாக்குகள் சமமானால் மட்டுமே அவருக்கு வாக்கு. கட்சித் தாவல் புகார்களைத் தீர்ப்பவரும் அவரே. ஆக, ஒருவரைச் சபாநாயகராக்கும் கட்சி ஒரு வாக்கை இழந்து, அதைவிடப் பெரிய ஒன்றைப் பெறுகிறது.

ஆறாம் படி: நம்பிக்கை வாக்கெடுப்பு

மக்களவை விதிகளில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்குத் தனி விதி உண்டு. அது 198ஆவது விதி. 50 உறுப்பினர்கள் எழுந்து நின்று ஆதரித்தால் அனுமதி கிடைக்கும். அனுமதி கிடைத்த பத்து நாட்களுக்குள் விவாதம் எடுத்துக்கொள்ளப்பட வேண்டும். நம்பிக்கைத் தீர்மானத்துக்கு அப்படித் தனி விதி இல்லை. பிரதமர் சாதாரணத் தீர்மானமாக, இந்த அவை அமைச்சரவையின் மீது நம்பிக்கை தெரிவிக்கிறது என்ற ஒற்றை வரியை முன்மொழிகிறார். விவாதம் முடிந்ததும் வாக்கெடுப்பு. முதலில் குரல் வாக்கெடுப்பு நடக்கும். 1996 ஜூன் 12 அன்று தேவ கவுடா அரசு அந்த அளவிலேயே வென்றது. யாரேனும் எண்ணிக்கை கேட்டால் மின்னணுப் பலகையில் வாக்குகள் பதிவாகும். பொத்தான் பிழையாகிப் போனால் சீட்டில் எழுதித் திருத்துவார்கள்.

நரசிம்ம ராவின் அரசு இந்தக் கட்டத்தைக் கடந்த விதமே சிறுபான்மை ஆட்சியின் இலக்கணம் எனலாம். 1991இல் காங்கிரசுக்கு அறுதிப் பெரும்பான்மை இல்லை; முறையான வெளியாதரவு ஒப்பந்தமும் இல்லை. ஆனால் பாரதிய ஜனதாவும் இடதுசாரிகளும் ஒரே பக்கம் சேர்ந்து வாக்களிக்கத் தயங்கினார்கள். மறு தேர்தலை யாரும் விரும்பவில்லை. நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு வறண்டிருந்தது. ஜூலை 15 அன்று நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் ஒரு தரப்பு எதிர்க்கட்சிகள் வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றன, அரசு வென்றது. ஒன்பது நாட்கள் கழித்து, ஜூலை 24 அன்று, மன்மோகன் சிங் பொருளாதாரத்தின் போக்கையே மாற்றிய பட்ஜெட்டைத் தாக்கல் செய்தார். எதிரிகள் இருவர் இருந்து, அவர்கள் ஒருவரையொருவர் அதிகம் வெறுப்பது, நண்பர்கள் பலர் இருப்பதைவிடப் பாதுகாப்பானது போலும்.

அந்தப் பாதுகாப்பு 1993இல் தேய்ந்தது. ஜூலை 28 அன்று வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு ஆதரவாக 251 வாக்குகளும் எதிராக 265 வாக்குகளும் விழுந்தன. 272க்குக் குறைவான அந்த 265 வாக்குகள் போதுமாக இருந்தன. ஆனால் அதில் சில வாக்குகள் பணம் கொடுத்துப் பெறப்பட்டவை என்ற வழக்கு எழுந்தது. அவையில் அளித்த வாக்குக்காக உறுப்பினர் மீது வழக்குத் தொடர முடியாது என்ற பாதுகாப்பு லஞ்சம் பெற்று வாக்களித்தவருக்கும் பொருந்தும் என்று 1998இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; 2024 மார்ச் 4 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை மாற்றி, லஞ்சத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்று கூறிவிட்டது. இனி சிறுபான்மை அரசமைக்க முனைவோர் மறக்கக் கூடாத தேதி அது.

கொறடாவின் பங்கும் இங்கே வருகிறது. 1985இல் 52ஆவது திருத்தத்தால் சேர்ந்த பத்தாவது அட்டவணையின்படி, கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தாலும், வாக்களிக்காமல் விட்டாலும், 15 நாட்களுக்குள் கட்சி மன்னிக்காவிடில் உறுப்பினர் பதவி பறிபோகலாம். முன்பு மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தால் தப்பித்துக்கொள்ளும் வழி இருந்தது. 2003 திருத்தம் அதை அடைத்து, மூன்றில் இரு பங்கினர் வேறு கட்சியோடு இணைவதை மட்டும் விட்டுவைத்தது. ஆனால் இந்த அட்டவணை கட்டுவது தனி உறுப்பினரை மட்டுமே. ஒரு கட்சி முழுவதுமாக ஆதரவை விலக்கிக்கொண்டால் அதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை. சிறுபான்மை அரசுகளின் சாவு பெரும்பாலும் இந்த வாசல் வழியாகவே வந்திருக்கிறது.

ஏழாம் படி: உரையும் பணமும்

நம்பிக்கை வாக்கு கிடைத்தபின் குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானம், பட்ஜெட், மானியக் கோரிக்கைகள், நிதி மசோதா ஆகியவை வரிசையாக வருகின்றன. இவற்றில் எதில் தோற்றாலும் அரசு விலக வேண்டும் என்பது மரபு. மானியக் கோரிக்கையில் நூறு ரூபாயைக் குறைக்கும் வெட்டுத் தீர்மானம் நிறைவேறினாலும் அப்படியே. தேர்தல் ஆண்டில் இடைக்கால பட்ஜெட் சில மாதச் செலவுக்கே அனுமதி தருவதால் புதிய அரசுக்கு அவகாசமும் குறைவு. ஆகவே ஆதரவு ஒப்பந்தத்தில் நிதி மசோதாக்கள் என்ற சொற்கள் இல்லாவிட்டால் அந்த ஒப்பந்தத்துக்குப் பொருளே இல்லை. மற்ற மசோதாக்களில் தோற்றால் அவமானம் மட்டுமே, ஆட்சி போகாது.

எட்டாம் படி: ஆதரவு விலகும்போது

1990 அக்டோபர் 23 அன்று சமஸ்திப்பூரில் ரத யாத்திரையின்போது அத்வானி கைதானதும் பாரதிய ஜனதா ஆதரவை விலக்கியது. நவம்பர் 7 அன்று வி.பி. சிங் 142க்கு 346 என்று தோற்றார். ஜனதா தளத்திலிருந்து பிரிந்த சுமார் 60 உறுப்பினர்களை மட்டும் வைத்துக்கொண்டு, காங்கிரசின் தோளில் ஏறி, சந்திரசேகர் ஆட்சிக்கு வந்தார். ராஜீவ் காந்தியின் வீட்டை அரியானா போலீசார் இருவர் வேவு பார்த்தார்கள் என்ற சச்சரவில் 1991 மார்ச் 6 அன்று விலகினார். 1997 நவம்பரில், ராஜீவ் காந்தி கொலையை விசாரித்த ஜெயின் ஆணையத்தின் இடைக்கால அறிக்கையைக் காட்டித் திமுக அமைச்சர்களை நீக்குமாறு காங்கிரஸ் கேட்டது, குஜ்ரால் மறுத்தார், 28ஆம் தேதி ஆதரவு போயிற்று. மூன்றிலும் ஆதரவளித்த கட்சி ஆட்சியின் குறைகளுக்குப் பதில் சொல்லும் இடத்தில் இல்லை. கலைக்கும் சாவி மட்டும் அதனிடம் இருந்தது. வெளியாதரவு என்ற ஏற்பாட்டில் எனக்குள்ள மனக்குறை இதுதான்.

ஆதரவு விலகியதும் அரசு தானாக விழுவதில்லை. குடியரசுத் தலைவர் புதிதாக நம்பிக்கை பெறச் சொல்கிறார். அதற்குள் வேறு நண்பரைத் தேடலாம். 2008 ஜூலையில் அமெரிக்க அணுசக்தி உடன்பாட்டை எதிர்த்து இடதுசாரிகள் விலகியபோது சமாஜ்வாதிக் கட்சி கைகொடுத்தது. ஜூலை 22 அன்று அரசு 275க்கு 256 என்று தப்பியது. அன்று அவையில், வாக்குக்குக் கொடுத்த லஞ்சம் என்று பணக்கட்டுகள் தூக்கிக் காட்டப்பட்டன. பதவி விலக மறுத்துச் சபாநாயகர் இருக்கையிலேயே அமர்ந்திருந்த சோம்நாத் சாட்டர்ஜியை அவருடைய கட்சி மறுநாள் நீக்கியது.

1999இல் தப்ப முடியவில்லை. ஏப்ரல் 14 அன்று அதிமுக விலகியது; 17ஆம் தேதி வாக்கெடுப்பு. திமுக அரசுக்கு ஆதரவாக வாக்களித்தது. விலகி நிற்கும் என்று அரசுத் தரப்பு நம்பியிருந்த பகுஜன் சமாஜ் கட்சியின் ஐந்து உறுப்பினர்கள் எதிர்த்து வாக்களித்தார்கள். தேசிய மாநாட்டுக் கட்சியின் சைபுதீன் சோஸ் தம் கட்சியின் கட்டளையை மீறி எதிர்த்தார். இரண்டு மாதம் முன்பே ஒடிசா முதலமைச்சராகிவிட்ட கிரிதர் கமாங், மக்களவைப் பதவியை விடாதிருந்ததால் வந்து எதிர்த்தார். அவர் வாக்களிக்கலாமா என்பதைச் சபாநாயகர் அவருடைய மனசாட்சிக்கே விட்டுவிட்டார். ஆதரவு 269, எதிர்ப்பு 270. கமாங் வராதிருந்தால் 269க்கு 269 என்றாகி, முடிவு பாலயோகியின் வாக்கில் நின்றிருக்கும்.

ஜெர்மனியில் ஓர் அரசைக் கவிழ்ப்பவர் அதே வாக்கெடுப்பில் அடுத்த தலைவரையும் தேர்ந்தெடுக்க வேண்டும். நம்மிடம் அந்த ஏற்பாடு இல்லை. ஆகவே, வாஜ்பாய் வீழ்ந்தபின் மாற்று அரசு அமைக்க சோனியா காந்தி முயன்று, முலாயம் சிங் யாதவ் ஒத்துக்கொள்ளாததால் எண்ணிக்கை கூடாமல், ஏப்ரல் 26 அன்று மக்களவை கலைக்கப்பட்டது. மாற்று இருக்கிறதா என்று குடியரசுத் தலைவர் தேடியே ஆக வேண்டுமா என்பதிலும் ஒருமித்த மரபு இல்லை. 1979இல் நீலம் சஞ்சீவ ரெட்டி, ஜனதா கட்சியின் தலைவர் ஜகஜீவன் ராமுக்கு வாய்ப்பளிக்காமலே அவையைக் கலைத்தார்.

அவை கலைந்த பின்னும் அமைச்சரவை இருந்தாக வேண்டும். மக்களவையே இல்லாதபோது அதற்குப் பொறுப்பான அமைச்சரவை எப்படி இருக்கும் என்று கேட்டு, யு.என்.ஆர். ராவ் என்பவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அமைச்சரவையின் ஆலோசனை இல்லாமல் குடியரசுத் தலைவர் செயல்பட முடியாது, எனவே கலைப்புக்குப் பின்னும் அது தொடரும் என்று 1971இல் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பின் நிழலில்தான், ஒரே வாக்கில் வீழ்ந்த வாஜ்பாய் அரசு 1999 ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை காபந்து அரசாகத் தொடர்ந்து, இடையில் கார்கில் போரையும் நடத்தி முடித்தது.